பெயர் எழுதாத ஏடு

தென் புறநகர்ச் சரித்திரம் – பகுதி 31

டேவிட் சௌரிமுத்து என்ற டாக்டர் 1928-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பச்சைமலை அடிவாரத்துக் காற்றையும் வெயிலையுமே பிரதான மருந்துகளாக நம்பி, பன்னிரண்டு படுக்கைகளோடு தாம்பரத்தை அடுத்துத் தொடங்கிய க்ஷயரோக வைத்தியசாலை, 1937-இல் அரசாங்கத்தின் கைக்கு மாறி, காலப்போக்கில் நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்து, தன் பெயரை ஒரு ரயில் நிலையத்துக்கும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் வழங்கிய வரலாற்றைச் சென்ற இரண்டு பகுதிகளில் பார்த்தோம். கணித மேதை ராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இதே டாக்டருடைய கவனிப்பில் சில காலம் இருந்ததையும் சொல்லியிருந்தேன். க்ஷயத்துக்கு நல்ல மருந்துகள் வந்தன, நோயாளிகள் குணமடைந்து வீடு திரும்பினார்கள் என்று அந்த வரலாற்றுக்கு அங்கேயே மங்களம் பாடிவிடலாம். ஆனால் சானடோரியத்தின் வாழ்வில் அதைவிடக் கடினமான ஓர் அத்தியாயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த நிலையத்துக்கு டிக்கெட் வாங்க வருபவர், ஜன்னலுக்குள் குனிந்து, "சானடோரியம் ஒண்ணு" என்று சொல்லும்போது குரல் சற்றே தாழ்வதை, அந்தத் தடத்தில் பல வருஷங்கள் ஆபீசுக்குப் போய் வந்தவன் என்ற முறையில் நான் கவனித்திருக்கிறேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் அரையடி விலகி நிற்பதையும் கவனித்திருக்கிறேன். என் தகப்பனார் காலத்தில் அந்த விலகலுக்குக் காரணம் க்ஷயம். என் காலத்தில் எய்ட்ஸ். சானடோரியத்தில் உத்தியோகம் பார்ப்பவர்களும், பக்கத்துத் தெருக்களில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களும்கூட அந்தப் பார்வையை ஓரளவு சுமந்தார்கள். ஒரு பெயரைச் சொல்லக் கூசுவதிலிருந்து தொடங்கிய இந்த வரலாற்றை எப்படி எழுதுவது என்ற கேள்வி பல மாதங்களாக என்னை வருத்திக்கொண்டிருந்தது. காரணம் உண்டு. இந்நோயால் பாதிக்கப்பட்டவர்களைக் காப்பாற்றியது எதுவோ, அதுவே அவர்களுடைய சரித்திரத்தையும் மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறது. இரகசியம்தான் அது.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் இந்த விநோத வியாதியைப் பற்றி முதல் குறிப்பை வெளியிட்ட பின்னரும், நம் தேசத்தில் அது மேல்நாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வரும் நோயென்றும், நம்முடைய குடும்ப தர்மமே நமக்கு அரணென்றும் படித்தவர்களே பேசிவந்தார்கள். பம்பாயிலும் புனாவிலும் செய்யப்பட்ட சில பரிசோதனைகளிலும் ஒன்றும் அகப்படவில்லை. அந்நிலையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம், பட்டமேற்படிப்புக்கான ஆய்வாக, தமிழ்நாட்டில் இந்நோய் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும்படி சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டில் சிறு குழந்தைகள். கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். தயங்கியவரைத் தைரியப்படுத்தியவர் அவருடைய கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

பம்பாயைப் போலச் சென்னையில் பரத்தையர்க்கென்று தனித் தெரு கிடையாது. ஆகையால் நிர்மலா பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களோடு பழகி, அவர்கள் வாயிலாக, போலீசாரால் பிடிக்கப்பட்டு நீதிமன்றத்தால் அனுப்பப்பட்ட பெண்கள் அடைக்கப்பட்டிருந்த காப்பு இல்லத்தைப் பற்றி அறிந்துகொண்டார். பஸ் செலவை மிச்சம் பிடிக்கக் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறையோ வேறு பாதுகாப்போ இல்லாமல் இவர் ரத்தம் எடுப்பார். மூன்று மாதங்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தம் சேர்ந்தது. ஊநீரைப் பிரித்தெடுக்கச் சுனிதி சாலமன் உதவி செய்தார். பிரித்ததைப் பத்திரப்படுத்த வேறு இடமில்லாமல், அது நிர்மலாவின் வீட்டுக் குளிர்பெட்டியில், பாலும் காய்கறியும் இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை என்பதைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சம்மதம் பெறாமல் பரிசோதிப்பது தவறு என்பதை இன்று சட்டமே சொல்கிறது; அன்று அந்த எண்ணமே இங்கு உருவாகவில்லை. அவருடைய துணிவையும் அக்காலத்தின் குறையையும் சேர்த்தே நாம் எழுதிவைக்க வேண்டும்.

சென்னையில் 'எலைஸா' பரிசோதனைக்கு அப்போது வசதி இல்லை. 1986 பிப்ரவரி மாதத்தில் கணவனும் மனைவியுமாக, ஊநீர்க் குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இரவு ரயிலில் காட்பாடி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் தம் கீழிருந்த இரண்டு இளம் டாக்டர்களை உதவிக்குக் கொடுத்தார். காலை எட்டரை மணியளவில் பரிசோதனை தொடங்கியது. நடுப்பகலில் மின்சாரம் நின்றுபோகவே எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள். முதலில் திரும்பி வந்தவர்கள் நிர்மலாவும், ஜார்ஜ் பாபு என்ற டாக்டரும். அவர் பரிசோதனைத் தட்டின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சடக்கென்று மூடி, விளையாட்டு வேண்டாம் என்று எச்சரித்தாராம். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகளில் நிறம் மஞ்சளாக மாறியிருந்தது.

பிறகு சுனிதி சாலமனோடு சென்று அந்த ஆறு பேரிடமிருந்தும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அது அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, வேறொரு முறையால் சோதிக்கப்பட்டு உறுதியாயிற்று. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், அங்கிருந்து பிரதம மந்திரி ராஜீவ் காந்திக்கும் எட்டியது. மே மாதத்தில் தமிழகச் சட்டமன்றத்தில் சுகாதார மந்திரி டாக்டர் எச்.வி. ஹண்டே அதை அறிவித்தபோது, சுனிதியும் நிர்மலாவும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றோர் ஆறு பேர், அதாவது எந்த ஆறு பேருடைய ரத்தத்தால் அந்த அறிவிப்பே பிறந்ததோ அவர்கள், அந்த மாடத்தில் இல்லை. இந்தியாவில் இந்நோயின் சரித்திரம் அந்த ஆறு பேரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர்களுடைய பெயரை நாம் அறியோம். அறியாமல் இருப்பதே நியாயம்.

ஆனால் பெயர் வெளிப்படையாக இருந்தவரையும் நாம் மறந்தோமே, அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? நிர்மலா 1987 மார்ச்சில் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்வில் வென்று, கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் தடுப்பு மருந்து தயாரிக்கும் பிரிவில் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். கிண்டி நம் புறநகர் ரயிலின் நிலையம். அதன் பிளாட்பாரத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மிதிக்கிறார்கள். முப்பது வருஷங்கள் கழித்து 2016-இல் பி.பி.சி.யார் தேடிப்போய் அவர் கதையைக் கேட்டு எழுதிய பிறகே, நம்மில் பெரும்பாலோர், நான் உட்பட, நிர்மலா என்ற பெயரைக் கேள்விப்பட்டோம். மேலே சொன்ன ஸ்கூட்டரும் குளிர்பெட்டியும் மஞ்சள் நிறக் குழிகளும் அந்த ஒரு சந்திப்பு நேராதிருந்தால் அவருடைய ஞாபகத்தோடு நின்றுபோயிருக்கும்.

அறிவிப்புக்குப் பின் வந்தது பீதி. பீதிக்குப் பின் சிறை. காப்பு இல்லத்தில் தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும், ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெளியே விடாமல் அடைத்துவைத்தார்கள். பத்திரிகையாளரான சியாமளா நடராஜ் அதைக் கண்டறிந்து, எழுதியதோடு நில்லாமல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 1990-இல் அப்பெண்கள் விடுதலை பெற்றார்கள். அவ்வநுபவத்திலிருந்தே தென்னிந்திய எய்ட்ஸ் செயல் திட்டம் என்ற ஸ்தாபனத்தையும் அவர் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் கோவாவில் டொமினிக் டிசௌசா என்ற இளைஞர், ரத்ததானம் செய்யப்போன இடத்தில் தம் நோய் வெளிப்பட, போலீஸ் காவலில் அறுபத்துநான்கு நாள் தனியே வைக்கப்பட்டார். அவர் கதையைப் பின்னர் சினிமாவாகவும் எடுத்தார்கள். நம் சென்னைக் காப்பு இல்லத்துப் பெண்களின் கதையை யாரும் எடுக்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அவர்கள் சார்பில் நடந்த வழக்கின் மனுக்களையும் உத்தரவையும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி எளிய தமிழில் யாரேனும் பதிப்பித்தால், அதுவே பெரிய உபகாரமாக இருக்கும்.

இனிச் சிறிது கிழக்கே போவோம். தரமணியில், டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தோற்றுவித்த தன்னார்வ மருத்துவச் சேவை ஆஸ்பத்திரியின் வளாகம் இருக்கிறது. சுனிதி சாலமன் 1993-இல் அரசுப் பணியை விட்டு நீங்கித் தம் தந்தையார் ஒய்.ஆர். கைத்தொண்டேயின் பெயரால் தொடங்கிய ஆராய்ச்சி மையம் பின்னாளில் நிலைபெற்ற இடமும் அதுவே. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுவதே ஒரு வைத்தியம் என்பதை நம் நாட்டுக்குச் செய்து காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். இப்படிப்பட்டவர்களோடு பழக வேண்டாமே என்று முதலில் தயங்கிய தம் கணவரிடம், அவர்கள் கதையை ஒருமுறை கேளுங்கள், பிறகு இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்ற பொருள்பட அவர் பதிலுரைத்தார். கிருமியோடு வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரன் பார்த்துக் கல்யாணமும் முடித்துவைத்தார். 2015 ஜூலையில் காலமான அவருக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அதே 1993-ஆம் ஆண்டிலிருந்து தாம்பரம் சானடோரியத்துக்கு எய்ட்ஸ் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். க்ஷயரோக ஆஸ்பத்திரிக்கு இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஜனங்களில் பலருடைய நுரையீரலில் க்ஷயக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பிலுள்ள காவல் அணுக்கள் அதை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கின்றன. எச்.ஐ.வி. என்னும் கிருமி நாசம் செய்வது அந்தக் காவலைத்தான். காவல் குறைந்ததும் பழைய நோய் விழித்துக்கொள்கிறது. எனவே எய்ட்ஸ் வந்தவர், தமக்கு எய்ட்ஸ் என்று அறியாமலே, இருமலும் ஜுரமும் எடை இறக்கமுமாக க்ஷயரோக ஆஸ்பத்திரியின் வாசலுக்கு வந்து நின்றார். மற்றொரு காரணத்தை எழுதக் கை கூசுகிறது: வேறு பல இடங்களில் இவர்களுக்குப் படுக்கை கிடைக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு மேஜை கிடைக்கவில்லை. பிரசவத்துக்கு அறை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து மட்டுமல்லாமல் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ரயிலேறி வந்தவர்களுக்கு, அறுபது வருஷங்களுக்கு மேலாக, ஊரார் ஒதுக்கிய நோயாளிகளைக் கிடத்திப் பழகிய அந்த நீண்ட, காற்றோட்டமான வார்டுகளே இடம் கொடுத்தன. சௌரிமுத்து டாக்டர் காற்றுக்காகத் திறந்துவைத்த ஜன்னல்கள், அவர் கனவிலும் காணாத ஒரு வியாதிக்குப் பயன்பட்டன.

அந்த வருஷங்களில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம், நவீன மருத்துவம் படித்தவராயினும் சித்த வைத்தியத்தின்மீது தீராத பற்றுடையவர். மேல்நாட்டுக் கூட்டு மருந்துகள் ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்குமேல் விற்ற காலம் அது. வெறுங்கையோடு நோயாளியின் முன் நிற்க மனமில்லாமல், ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, அதன் பலனை மருத்துவ சஞ்சிகையிலும் வெளியிட்டார். அம்மருந்து கிருமியை ஒழித்துவிடும் என்று நம்புவதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனாலும், தின்பதற்கு ஒரு மருந்தும், படுப்பதற்கு ஒரு கட்டிலும், தொட்டுப் பார்க்க ஒரு டாக்டரும் இருக்கிறார் என்ற செய்தி, கைவிடப்பட்டவர்களை அந்த வளாகத்துக்கு அழைத்து வந்தது. அப்படித் திரண்டதனால்தான் பின்னால் நல்ல மருந்து வந்தபோது கொடுக்க ஆட்களும், கொடுத்துப் பழகிய செவிலியரும் ஓரிடத்தில் இருந்தார்கள். அந்தச் செவிலியரைப் பற்றித் தனியே ஒரு புஸ்தகம் எழுதலாம். மாலையில் வீட்டுக்குப் போனால் குழந்தையைத் தூக்குமுன் இரண்டு முறை குளிக்கச் சொல்லும் மாமியாரோடும், வாடகைக்கு வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரரோடும் வாழ்ந்து, மறுநாள் காலையில் மறுபடி வார்டுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே வருகிறது.

நோயாளிகள் என்று பிறர் சொன்னவர்கள், தாங்களே எழுந்து நின்று பேசத் தொடங்கியது 1997-இல். அவ்வருஷம் பன்னிரண்டு பேர் சேர்ந்து, எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான இந்தியக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தார்கள், தலைமையிடம் சென்னை. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அசோக் பிள்ளை, மேடையில் ஏறித் தம் பெயரையும் நோயையும் ஒரே மூச்சில் சொன்னவர், மருந்து எல்லாருக்கும் கிடைக்கும் நாளைக் காணாமலே 2002-இல் மறைந்தார். 1998-இல் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, தம்மைப் போன்ற சில பெண்களோடு சேர்ந்து பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் ஏற்படுத்தினார். கட்டிய கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வரும் என்பதை, தாலி கட்டிக்கொண்டதொன்றே தமக்கு நேர்ந்த ஆபத்து என்பதை, அவர் பகிரங்கமாகச் சொன்னபோது, குடும்ப தர்மமே அரண் என்று பேசியவர்களின் பேச்சு அடங்கியது.

இவர்கள் செய்த பணிக்கு நம் பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனுக்கு, இன்ன வழியாகப் போனால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று வழிகாட்டுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி அவ்வகைதான். ஆலோசகரை இன்று 'ஆற்றுப்படுத்துநர்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் முழுப் பொருளோடு நடமாடியதை நான் சானடோரியத்தின் புறநோயாளர் பிரிவுக்கு வெளியே இருந்த மரத்தடியில்தான் பார்த்தேன். மருந்து தின்று தேறியவர் ஒருவர், அன்றுதான் முடிவை அறிந்து நடுங்கிக்கொண்டிருக்கும் மற்றொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஜன்னலில் சீட்டுப் போட வேண்டும், எந்த மாத்திரை முதலில் தலைசுற்ற வைக்கும், வீட்டில் யாரிடம் முதலில் சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது என்று அடுக்கிக்கொண்டிருப்பார்.

அந்த மருந்து வந்த வரலாறு உலகறிந்தது. 2001-இல் நம் நாட்டுச் சிப்லா கம்பெனி, மூன்று மருந்துகளின் கூட்டை ஓர் ஆண்டுக்கு முந்நூற்றைம்பது டாலருக்குத் தருவதாக முன்வந்ததும், எட்டாக் கனி என்று ஏழை நாடுகள் எண்ணியிருந்தது எட்டும் தூரத்துக்கு வந்தது. ஆயினும், அதைச் செய்த நம் நாட்டிலேயே வாழும் ஏழைக்கு அது வந்து சேர மேலும் மூன்று வருஷங்களும் பலருடைய போராட்டமும் வேண்டியிருந்தன. மத்திய சுகாதார மந்திரி சுஷ்மா சுவராஜ் 2003 நவம்பர் இறுதியில் அறிவித்தபடி, 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, தேசத்தில் எட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசக் கூட்டு மருந்து தரப்பட்டது. அவ்வெட்டில் தாம்பரமும் ஒன்று. அப்போது அங்கே பொறுப்பிலிருந்தவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். முதல் வரிசை மருந்து பலனளிக்காதவர்களுக்கான இரண்டாம் வரிசை மருந்து 2008 ஜனவரியில் நாட்டில் இரண்டே இடங்களில் தொடங்கப்பட்டபோது, பம்பாயின் ஜே.ஜே. ஆஸ்பத்திரியோடு மற்ற இடமாக இருந்ததும் சானடோரியமே.

அதே 2004-இல், ஏப்ரலுக்கு மூன்று மாதம் கழித்து, எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே எழுபது வருஷத்துக்கு மேலாக ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடியது. ரயிலன்பர்கள் கூடி வழியனுப்பினார்கள், படங்கள் எடுத்தார்கள், அந்த வண்டியின் பெட்டி எண் முதற்கொண்டு இன்றும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதே தண்டவாளத்தின் ஓரத்தில் ஏப்ரல் முதல் தேதி காலையில் வரிசையில் நின்றவர்களோ, யாரும் படம் எடுத்துவிடக் கூடாதே என்று முந்தானையாலும் துண்டாலும் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவர்கள். இரண்டும் ஒரே ரயில் பாதையின் சரித்திரம்.

அமெரிக்காவில் 1987 அக்டோபரில், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமான துணியில் பெயரைத் தைத்து, அப்படிப்பட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட துணிகளைத் தலைநகரத்து மைதானத்தில் விரித்தார்கள். பின்னாளில் நியூயார்க்கின் போராட்டக்காரர் நூற்றெண்பத்தேழு பேரைத் தனித்தனியே உட்காரவைத்து அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்தார்கள். பெயரை உரக்கச் சொல்வதே அங்கே போராட்டமாக இருந்தது. நம் ஊரில் பெயர் வெளிப்பட்டால் தங்கைக்குக் கல்யாணம் நடக்காது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். இழவு வீட்டில் பாடை தூக்க ஆள் வராது. ஆடிப்பெருக்கில் விட்டால் புண்ணியம் என்றெண்ணி ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி உ.வே.சாமிநாதையர் மனம் நொந்தார்; அது அறியாமையால் வந்த அழிவு. இங்கே காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குள் சிகிச்சைச் சீட்டுகளையும், பச்சை அட்டை போட்ட மருந்துப் புத்தகத்தையும், கூட்டமைப்பிலிருந்து வந்த கடிதங்களையும் கொல்லைப்புறத்தில் எரித்துவிடுகிறவர்கள், அறிந்தே, அஞ்சியே எரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும், ஒருவரது நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுதல் கூடாது என்றே விதிக்கிறது. அந்த விதி இம்மியும் தளரக் கூடாது.

அப்படியானால் சரித்திரம் போகட்டும் என்று விட்டுவிடுவதா? இதற்கான வழியைத் தமிழ் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். புறப்பாட்டில் அரசன் பெயர் வரும், போர்க்களத்தின் பெயர் வரும், வள்ளலின் ஊரும் மலையும் வரும். ஆனால் அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்திலேயே வகுக்கப்பட்ட இலக்கணம். பெயர் இல்லாததால் அந்தப் பெண்ணின் துக்கம் நமக்குக் குறைந்தா தெரிகிறது? பாடிய புலவரின் பெயரே தெரியாமற்போன இடங்களிலும், தொகுத்தவர்கள் கைவிடாமல், பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டு ஏட்டில் ஏற்றினார்கள். நம் உச்சநீதிமன்றமும் 1998-இல், சென்னை ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி வந்த வழக்கில், வாதியை 'எக்ஸ்' என்றும் ஆஸ்பத்திரியை 'இசட்' என்றும் குறித்தே தீர்ப்பெழுதியது. பெயர் தெரியாத அந்த வாதியின் வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றளவும் படிக்கிறார்கள். இந்நோயின் சரித்திரத்துக்கும் புறம் உண்டு, அகம் உண்டு. மந்திரி, டாக்டர், வழக்கறிஞர், மருந்துக் கம்பெனி, 1994-இல் நாட்டுக்கே முன்மாதிரியாகப் பதிவு செய்யப்பட்ட தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், இவர்களெல்லாம் புறம். பெயரும் தேதியும் பிசகாமல் எழுதலாம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அகம். அவர்கள் வாய்மொழியைப் பெயரின்றி, ஊரின்றி, அவர்களே சம்மதித்த அளவுக்கு எழுதிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் திறக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் முத்திரையிட்டு வைக்கலாம்.

காகிதங்களையும் தேட வேண்டும். 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கேள்வி கேட்ட பெரிய விளம்பரப் பலகைகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்; பல்லாவரத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் யார் அந்தப் புள்ளி ராஜா என்று பேசிக்கொண்டார்களே! அதே பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கோடரியால் அவ்வூர் உலக சரித்திரத்தில் இடம் பெற்றது; ஆதிமனிதன் எறிந்த கல்லைப் பேணுகிற நாம், இருபது வருஷத்துக்கு முந்தைய சுவரொட்டியைப் பேண வேண்டாமா? கல்லூரிச் செஞ்சுருள் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், கிராமங்களில் போட்ட வீதி நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள், கூட்டமைப்புகள் அச்சடித்த சிறு நோட்டீசுகள், லாரி நிறுத்தங்களில் விநியோகித்த படக் கதைகள், இவை எங்கேனும் பரண்மேல் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதிருக்கும்படி வேண்டுகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், பிறர் வேண்டாமென்று தள்ளிய நோட்டீசுகளையும் நாடக விளம்பரங்களையும்கூட விடாமல் சேர்த்துவைத்ததனால் உண்டான ஆராய்ச்சி நூலகம் இன்று அதே தரமணியில், சுனிதி சாலமன் பணி செய்த வளாகத்துக்கு வெகு தூரத்தில் இல்லாமல் இருக்கிறது.

என்னிடமும் ஒரு காகிதம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை வாங்கிக்கொண்டு ரயிலுக்கு வருகிறவர்கள், ஊருக்குள் போகுமுன் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டியெடுத்துவிடுவார்கள். புட்டியைப் பார்த்து யாரும் மருந்தின் பெயரைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு மழைக்கால மாலையில் சானடோரியம் நிலையத்தின் சிமெண்டு பெஞ்சில் அப்படிச் சுரண்டிய தாள் ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி கிழிந்து, 'லாமிவு' என்ற எழுத்துகளே எஞ்சியிருந்தன. மெல்லப் பிரித்தெடுத்து, கைக்குட்டையில் ஒற்றி, வீட்டுக்கு வந்து டைரியில் ஒட்டினேன். அதன் கீழே தேதியையும் நிலையத்தின் பெயரையும் எழுதினேன். யாருடையது என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

(தொடரும்)